மாசிப் பருவ ஆலோசனை: வீட்டில் வைக்கும் சம்பா நெல்லுக்கு

கொள்முதல் நிலையத்துக்குப் போனது போக, சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்த சம்பா நெல் இப்போது டெல்டா வீடுகளுக்குள் வந்திருக்கும். போன ஆடியில் மூட்டையைப் பிரித்துவிட்டு வெறும் உமியை அள்ளிக் கொட்டியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கவும்.

கொள்முதலில் 17 சதம் ஈரம் வரை எடுக்கிறார்கள் என்பதற்காக அதே நெல்லை வீட்டில் அடுக்காதீர்கள். மாதக்கணக்கில் இருக்க 14 சதத்துக்கு மேல் கூடாது. பல்லில் கடித்தால் கடுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னொரு வெயில். சூடு ஆறியபின் மூட்டை பிடியுங்கள். பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவையுங்கள். பத்தாயத்தின் மூலையில் பழைய நெல் ஒரு பிடியும் தங்கக் கூடாது. அடியில் கட்டை, சுவரிலிருந்து ஓரடி இடைவெளி.

அந்துப்பூச்சி வயலிலேயே முட்டை வைத்து நெல்லோடு வந்துவிடும். கூன்வண்டு அரிசியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து, துளையையும் அடைத்துவிடும். ஏறத்தாழ ஒரு மாதம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே பதினைந்து நாளுக்கொருமுறை மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் அன்றே களத்தில் கொட்டிக் காயவைத்துப் புடையுங்கள்.

இனி, வருஷா வருஷம் சொல்லியும் கேட்காத விஷயம். வண்டைக் கண்டதும் கடையில் 'மாத்திரை' வாங்கி மூட்டைக்குள் போடாதீர்கள். போடவே போடாதீர்கள்! அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். கதவிடுக்கு வழியே பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் போகும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. துணியில் முடிந்து போட்டோம் என்கிறீர்கள். துணி வாயுவைத் தடுக்குமா? ஜன்னலைத் திறந்துதான் வைத்தோம் என்கிறீர்கள். அப்படியானால் வண்டும் சாகாது, காசுதான் தண்டம். கிடங்குகளில் வாயு கசியாத உறை போட்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை அது. குடியிருக்கும் வீட்டில் வேண்டாம்.

ஏற்கெனவே போட்டிருந்தால் மூட்டையைக் கிளறாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லோரும் வெளியேறுங்கள். வாயுவின் பூண்டு வாடை அடிக்கவில்லையே என்று உள்ளே உட்காராதீர்கள். தலைவலி, வாந்தி, நெஞ்சடைப்பு என்றால் உடனே 108; மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

விதை நெல்லுக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ வசம்புத்தூள் கலக்கலாம். அதைச் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

பரணில் மாத்திரை டப்பா மிச்சமிருந்தால் திறக்காமல், ஈரம் படாமல் வைத்து, இந்த வாரமே வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லுங்கள். குப்பையிலும் வாய்க்காலிலும் வீசாதீர்கள்.