எடை தூக்கினால் எத்தனை கலோரி?



எங்கள் சொந்த ஊர் மார்டள்ளி. மாதேசுவரன் மலைப் பகுதியில் உள்ள தமிழ் பேசும் ஊர். 1956 வரை எங்கள் கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஊரில் இருந்தவரை ராகிக் காட்டு வேலை, விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம் என்று உடம்புக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. கலோரி என்ற சொல்லை நாங்கள் கேட்டதே இல்லை.

பிழைப்புக்காக மைசூர் வந்தேன். முப்பது ஆண்டுகள் நாற்காலி வேலை. உழைப்பு போயிற்று, ஊர்ச் சாப்பாட்டின் அளவு மட்டும் போகவில்லை. ஐம்பத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோய் வந்தது. மருத்துவர், "நடப்பது மட்டும் போதாது, வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்யுங்கள்" என்றார். மகன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டான். முக்கால் மணி நேரப் பயிற்சி முடிந்ததும் அதைப் பார்த்து, "அப்பா, முந்நூற்றைம்பது கலோரி எரிஞ்சிருக்குப்பா!" என்றான். எனக்கோ பெருமை. அந்தத் தைரியத்தில் பயிற்சி நாளில் ஒரு களி உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது, சர்க்கரையும் இறங்கவில்லை. தவறு எங்கே என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கலோரி என்பது என்ன?

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான சக்தியையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். சரியாகச் சொன்னால் அது ஒரு கிலோ கலோரி. நம் நாட்டு உணவுகளின் சத்துக்களை அளந்து தொகுத்த நூல் 1937-இல் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இருந்து, அதன் இயக்குநர் அய்க்ராய்டு காலத்தில் வெளிவந்தது. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அதன் பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ராகியில் நூறு கிராமுக்குச் சுமார் 320 கலோரி உண்டு. நூறு கிராம் மாவில் கிண்டிய களி உருண்டையிலும் அவ்வளவுதான்.

வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவழிக்கிறது. எந்த வேலை இதைப்போல் எத்தனை மடங்கு என்று ஆய்வாளர்கள் ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறார்கள். 1993-இல் முதலில் வந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. ஒவ்வொரு பயிற்சியையும் எட்டு முதல் பதினைந்து முறை செய்யும் சாதாரண எடைப் பயிற்சிக்கு அது தரும் எண் 3.5 மடங்கு.

என் எடை 64 கிலோ. நேரம் முக்கால் மணி.
64 × 3.5 × 0.75 = 168 கலோரி.
அதே நேரம் சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும்: 64 × 0.75 = 48 கலோரி.
பயிற்சியால் கூடியது: 120 கலோரி.

இது ஒரு களி உருண்டையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். நானோ முழு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டேன்!

கடிகாரம் ஏன் ஏமாற்றுகிறது?

இப்படிப்பட்ட கடிகாரங்கள் பெரும்பாலும் நாடித் துடிப்பை வைத்தே கலோரியை மதிப்பிடுகின்றன. நடக்கும்போதும் ஓடும்போதும் துடிப்பு ஏற ஏற உடம்பு எடுக்கும் பிராணவாயுவும் ஏறும். ஆகவே கணக்கு ஓரளவு பொருந்தும். எடை தூக்கும்போது தசை இறுகுவதாலும் இரத்த அழுத்தம் உயர்வதாலும் துடிப்பு எகிறும். ஆனால் பிராணவாயுச் செலவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இடையில் ஓய்வெடுக்கும் நேரமும் அதிகம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தது. நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவற்றிலேயே கலோரிக் கணக்கு மிகச் சிறந்த பட்டையில் சராசரி 27 சதவீதமும், மிக மோசமானதில் 93 சதவீதமும் பிசகியது. எடைப் பயிற்சியில் அதை நம்பிச் சாப்பிடலாமா?

அப்படியானால் எடை தூக்குவது வீணா?

இல்லவே இல்லை. சாப்பாட்டுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய கிடங்கு நம் தசைதான். வயதாக ஆகத் தசை கரையும். எடைப் பயிற்சி அதைக் காக்கும். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் சுமார் 13 கலோரிதான் செலவழிக்கும். எனவே பயிற்சியின் பலன் கலோரிக் கணக்கில் பெரிதாகத் தெரியாது; சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும், பிடிமானமின்றி எழுந்து நிற்பதிலும்தான் தெரியும். பெரியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் வலியுறுத்தியது.

எதைக் கணக்கு வைப்பது?

மைசூர் கரடி மனைப் பயில்வான்கள் எண்ணியது தண்டாலையும் பஸ்கியையும்தான். நானும் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கே செய்திகள் எழுதுகிறேன்.

1. தேதி.
2. செய்த பயிற்சி, தூக்கிய எடை.
3. எத்தனை முறை, எத்தனை சுற்று.
4. வாரம் ஒருநாள் காலையில் உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும்.

பன்னிரண்டு முறை எளிதாக வந்தால் எடையைச் சிறிது கூட்டுகிறேன். கூடுதல் களி நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் இடுப்பு குறைந்தது, சர்க்கரையும் இறங்கியது. போன முறை ஊருக்குப் போனபோது தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

ஓர் எச்சரிக்கை: மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

ஊரைவிட்டு வந்த நாம் உழைப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். வாரம் இரண்டு நாளாவது அதை வீட்டுக்கு அழைத்து வருவோம்.