கனவுக்குள் கண் விழிக்க விரும்பும் தம்பிக்கு



உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தாமதித்ததற்குக் காரணம் சோம்பல் அன்று; கனவு கண்டுகொண்டிருக்கும்போதே இது கனவு என்று அறிந்துகொள்ளும் வித்தையை ஒரு மாதத்துக்குள் பழகிவிட முடியுமா என்று நீ கேட்டிருந்தாயே, அந்த 'ஒரு மாதம்' என்ற சொல்தான் என் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டது. வகுப்பில் ஒரு மண்பானையை முன்னே வைத்து வரையச் சொன்னால், பானையை ஏறெடுத்துப் பார்ப்பதற்குள் அதன் நிழலைத் தீட்டி முடித்துவிடும் பிள்ளையாக நீ இருந்தது நினைவுக்கு வந்து, தனியே சிரித்துக்கொண்டேன்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது என்றும் கேட்டிருக்கிறாய். தெளிகனவு என்று இக்காலத்தார் சிலர் எழுதுகிறார்கள், அதுவே போதும். அறிதுயில் என்ற பழஞ்சொல் நாவின் நுனியில் வந்து நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அது பாற்கடலில் பாம்பணைமேல் பள்ளிகொண்டவனுக்கென்று நம் முன்னோர் ஒதுக்கிவைத்த சொல். உறங்குவதுபோல் கிடந்தே உலகனைத்தையும் அறிபவனுடைய துயில் அது. விடியற்காலையில் குறட்டை விட்டபடி ஆகாயத்தில் பறக்க ஆசைப்படும் உன்னையும் என்னையும் போன்றவர்கள் அதைத் தூக்கி அணிந்துகொள்வது சற்று அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது.

நீ சித்திரக்காரன், ஆகையால் உனக்கு வழிகாட்டியாக நான் காட்ட விரும்புவது ஒரு யோகியையும் அன்று, ஒரு வைத்தியரையும் அன்று, படம் வரைவதில் பிரியம் கொண்டிருந்த ஒரு பையனை. 1822-ல் பிரான்ஸ் தேசத்தில் பிறந்து, பிற்காலத்தில் சீன மொழியில் பெரும் பண்டிதராகி, பாரிஸ் நகரத்தில் கொலேழ் த பிரான்ஸ் என்னும் வித்தியாபீடத்தில் பேராசிரியராக அமர்ந்த எர்வே த சேன் தெனி என்ற பிரபு, பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, வரைவதற்கு வேறு பொருள் தேடி அலையாமல், தம் கனவுகளையே படமாக வரைந்து வர்ணம் தீட்டி, ஒவ்வொன்றின் கீழும் அது வந்த விதத்தை எழுதிவைக்கத் தொடங்கினார். விளையாட்டாகத் தொடங்கியது மெல்ல மெல்ல விரதமாகிவிட்டது. 22 நோட்டுப் புத்தகங்கள், 1946 இரவுகள். ஆரம்பத்தில் பல நாள் காலையில் எழுத ஒன்றும் அகப்படாமல் தாள் வெறுமையாகவே கிடந்தது. விடாமல் முயன்றதில், சில மாதங்களுக்குள் வெறுமையான நாளே இல்லை என்றாயிற்று. அதற்கும் பிறகு, 207-ஆம் இரவில்தான், தாம் காண்பது கனவு என்ற உணர்வு முதல்முதலாகக் கனவுக்குள்ளேயே அவருக்கு உதித்தது. ஆறு மாதம் கழித்து ஐந்து இரவுக்கு இரண்டு இரவும், ஒரு வருஷம் கழித்து நான்குக்கு மூன்றும், பதினைந்து மாதம் சென்றபின் அநேகமாக ஒவ்வோர் இரவும் அந்த உணர்வு கூடி வந்ததாக அவரே கணக்கு எழுதியிருக்கிறார். 1867-ல் இவற்றையெல்லாம் தொகுத்துத் தம் பெயரைப் போடாமலே நூலாக வெளியிட்டார். கனவைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிராய்டுக்கே அந்தப் புத்தகம் கைக்குக் கிடைக்கவில்லை. 207 என்ற அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உன் ஒரு மாதத்தை வைத்துப் பார்.

ஆகவே முதல் அப்பியாசம் கனவை ஆள்வது அன்று, கனவை மறவாதிருப்பது. தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள். பேனா வேண்டாம், இருட்டில் மை கொட்டும், பாயும் பாழாகும். விழிப்பு வந்த கணத்தில் புரளாதே, கண்ணைத் திறக்காதே, மணி என்ன என்று பார்க்காதே. கிடந்தபடியே கிடந்து, கடைசியாகக் கண்டது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் எது, அதற்கும் முன் எது என்று பின்னோக்கிப் போனால், உடம்பு அசைந்ததும் கலைந்துபோகக்கூடிய முழுக் கதையும் மெல்ல உன்னிடம் வந்து சேரும். எழுதும்போது அர்த்தம் தேடாதே. யாரோ ஒருவர் நின்றார் என்று எழுதினால் போதாது. எந்தப் பக்கம் நின்றார், வெளிச்சம் எங்கிருந்து விழுந்தது, தரை சிமெண்டா சாணி மெழுகியதா என்று எழுது. இரண்டு மாதம் இப்படிச் செய்தால், உன் கனவுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஓர் இடமோ மனிதரோ தட்டுப்படும். என் விஷயத்தில் அது நான் படித்த ஓட்டுக் கட்டடம். இடித்துத் தரைமட்டமாக்கி எத்தனையோ வருஷம் ஆகியும், நோட்டில் மூன்று பக்கத்துக்கு ஒரு தரம் அது எழும்பி நின்றது. அந்த ஓட்டுக் கட்டடத்தைக் கண்டால் கனவு என்று அறிந்துகொள்ள வேண்டும் எனச் சங்கற்பம் செய்துகொண்டு படுக்கலானேன்.

பகலில் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. எழுத்தோ எண்ணோ கண்ணில் படும்போது ஒருமுறை படித்து, முகத்தைத் திருப்பி, மறுமுறை படித்துப் பார்; நனவில் அது மாறாது, கனவில் பெரும்பாலும் மாறிவிடும். வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரிக் காலண்டரையே இதற்கு நான் வைத்துக்கொண்டேன். போகும்போதும் வரும்போதும் நின்று தேதியை இரண்டு முறை பார்ப்பேன்; வீட்டார் எனக்கு ஞாபகமறதி கண்டுவிட்டதென்று கவலைப்பட்டார்கள். நான்கு மாதம் சென்று ஓர் இரவு, தாளில் 17 என்று சிவப்பு எழுத்தில் கண்டு, திரும்பிப் பார்த்தேன். எண் இருந்த இடத்தில் மளிகைக் கடைச் சீட்டில் இருப்பதுபோல் பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று பொடியெழுத்தாக ஓடியது. "ஆ, கனவு!" என்று கூவினேன். கூவிய கூவலில் விழித்துக்கொண்டேன். நான்கு மாத உழைப்பின் பலன் நான்கு வினாடிகூட நிற்கவில்லை. உனக்கும் இது நேரும். நேர்ந்தால் மனம் உடையாதே. அறிவு உதித்தவுடன் குதூகலிக்காமல், கனவில் உள்ள உன் கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, அருகில் உள்ள ஏதேனும் ஒன்றை, ஒரு தூணையோ செங்கல்லையோ, நிதானமாகப் பார்த்துக்கொண்டிரு. காட்சி நிலைத்து நிற்பதற்கு இதைவிட நல்ல உபாயத்தை நான் காணவில்லை.

காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகச் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கண்மணிகள் இமைக்குள் விரைந்து ஓடும் ஒரு கட்டம் வருகிறது. 1953-ல் சிகாகோவில் அஸெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் கண்டு எழுதியது இது. தெளிவான கனவுகள் மிகுதியும் அக்கட்டத்திலேயே தோன்றுகின்றன; அது முன்னிரவில் குறுகியும் விடியலை நெருங்க நெருங்க நீண்டும் இருக்கிறது. ஆகையால் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, சற்றுநேரம் விழித்திருந்து, விட்ட கனவை மனத்தில் மீண்டும் நடத்தி, அடுத்தமுறை அறிவேன் என்று சொல்லிக்கொண்டு படுப்பது பலனளிக்கும். ஸ்டான்போர்டில் ஆராய்ந்த ஸ்டீபன் லபெர்ஜ் சீர்ப்படுத்திய முறை ஏறக்குறைய இதுவே. வாரத்தில் ஓரிரு நாள் செய்தால் போதும். தினமும் செய்தால் கனவும் வராது, மறுநாள் வேலையும் ஓடாது.

இதெல்லாம் மனப்பிரமை என்று உன் அறைத்தோழர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவருக்கு இதைச் சொல். கண்மணிகள் விரைந்து ஓடும் அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கண்கள் மட்டும் கட்டுப்படாமல் அசையும். இதைப் பயன்படுத்திக்கொண்டு, 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், கீத் ஹெர்ன் என்பவர், ஆலன் வோர்ஸ்லி என்ற மனிதரிடம், கனவென்று அறிந்ததும் கண்ணை இடமும் வலமுமாகக் குறித்த முறையில் அசைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்தார். அவர் நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சமிக்ஞை கருவியின் தாளில் கோடாக விழுந்தது. கனவுக்குள்ளிருந்து வந்த தபால் அது. கனவில் உடம்பு இப்படிக் கட்டுண்டு கிடப்பதற்கு ஒப்பாக, நம் சைவ சித்தாந்திகளும் சாக்கிரம் என்னும் நனவில் முப்பத்தைந்து கருவிகள் தொழில்படும், சொப்பனத்தில் அறியும் பொறிகளான ஞானேந்திரியம் ஐந்தும் செய்யும் உறுப்புகளான கன்மேந்திரியம் ஐந்தும் நீங்கி இருபத்தைந்தே நிற்கும் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் நோக்கம் வேறு, ஆயினும் அந்தக் கழித்தலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாயிருக்கிறது.

இனி, இதனால் பிரயோஜனம் என்ன? பறக்கலாம், நானும் பறந்திருக்கிறேன், இரண்டு முறைக்குமேல் அதில் ஒன்றுமில்லை. மீண்டும் அந்தப் பிரெஞ்சுப் பிரபுவிடம் போவோம். கனவில் தாம் இறந்துபோனால் என்ன காண்போம் என்று அறிய விரும்பி, கனவென்று தெரிந்தே ஓர் உயரமான ஜன்னலிலிருந்து அவர் குதித்தார். விழுந்த அனுபவம் கிடைக்கவில்லை. அடுத்த கணம், கோபுரத்திலிருந்து குதித்துச் செத்துக்கிடந்த யாரோ ஒருவனைச் சூழ்ந்த கூட்டத்தில் தாமும் ஒருவராய் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அறியாத ஒன்றைக் கொடு என்று கேட்டால், சித்தம் தன்னிடம் உள்ளதைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. இன்னொரு சோதனை: விவரே என்ற மலைநாட்டில் ஒரு நண்பர் குடும்பத்தோடு தங்கியிருந்த நாளெல்லாம் ஒரே வாசனைத் திரவியத்தைக் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டு, திரும்பியதும் குப்பியை மூடிவைத்தார். மாதங்கள் சென்றபின், நாள் குறிப்பிடாமல், தாம் உறங்கும்போது தலையணையில் சில துளி விடும்படி வேலைக்காரனிடம் ஒப்படைத்தார். துளி விழுந்த இரவில் விவரே மலைகள் கனவில் வந்தன. வேறொரு வாசனையை ஓர் ஓவியரின் கூடத்தில் தாம் வரைந்த நாள்களோடு பிணைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துத் தெளித்தபோது, விவரே வீட்டுப் போஜன அறையில் எல்லாரும் அமர்ந்திருக்க, கதவு திறந்து அந்த ஓவியர், தம் கூடத்தில் நிர்வாணமாக நின்று மாதிரி காட்டும் பெண்ணை அந்தக் கோலத்திலேயே அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கனவில் யாரும் முகம் சுளிக்கவில்லை!

எந்தச் சித்திரக்காரனுக்கும் இது சாமானியச் செய்தி அன்று. நனவில் கூப்பிட்டால் வராத பொருள்கள் நமக்குள் எங்கோ முழு உருவோடு கிடக்கின்றன. கனவில் அவை நடமாடுகின்றன. அங்கே போய் அதிகாரம் செய்யாமல் நின்று பார்ப்பவனுக்கு அவை கிடைக்கின்றன. அரசனாகப் போகிறவன் தன் ஆசையைத்தான் திரும்பப் பார்ப்பான்; சாட்சியாகப் போ. கெட்ட கனவால் துன்பப்படுகிறவர்களுக்கும் இது உதவக்கூடும். துரத்தும் உருவத்தின்முன் ஓடாமல் நின்று, யார் நீ என்று கேட்டவுடன் அது இளைத்துப்போனதை நானே கண்டிருக்கிறேன். சில வேளை விழித்த பின்னும் உடம்பு அசையாமல் நெஞ்சில் ஏதோ ஏறி அமுக்குவதுபோல் இருக்கும். பேய் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். தசைக்கட்டு அவிழச் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவே. ஆனால் எது நனவு எது கனவு என்று பகலிலும் குழப்பம் தோன்றுமானால், அன்றே நோட்டை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போ; இதில் வீம்பு கூடாது.

கடைசியாக ஒன்று. என் அப்பாரு, அதாவது தாத்தா, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பதை ஐந்து வயதில் பார்த்தவன் நான். பிறகு பம்புசெட்டு வந்துவிட்டது. அந்தக் காட்சியை வரைய இருபது வருஷம் முயன்றேன். சாலும் வடமும் மாடுகளும் சரியாக வரும், அப்பாரு மட்டும் குதிரைமேல் ஏறியவர்போல் வடத்தின்மேல் வந்து உட்கார்வார். சென்ற மார்கழி மாதத்தில் ஒரு விடியற்காலை அந்த ஓட்டுக் கட்டடம் கனவில் வந்தது, அறிந்தேன், கூவாமல், கைகளைத் தேய்த்துக்கொண்டு அதன் பின்பக்கம் நடந்தேன். அங்கே கிணறு. மாடுகள் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பாருவிடம் கேட்க ஆயிரம் இருந்தும் ஒன்றும் கேட்காமல் நின்று பார்த்தேன். அவர் வடத்தின்மேல் ஒருக்களித்து, ஒரு தொடையை மட்டும் பதித்திருந்தார். இடக்கை இடத்து மாட்டின் முதுகில், வால் தொடங்கும் இடத்தில், தட்டாமலும் பிடிக்காமலும் சும்மா படிந்திருந்தது. எழுந்ததும் வரைந்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கவலை ஓட்டிய ஒரு முதியவரிடம் அதைக் காட்டினேன்; கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "கை அங்கதான் இருக்கோணும்" என்றார்.

அந்தத் தாளை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். மாட்டின் பின்னங்கால் இன்னும் சரியாக வரவில்லை. அதைப் பார்த்துவர இன்னொரு காலை எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

இப்படிக்கு,
உன் பழைய டிராயிங் வாத்தியார்