விறகடுப்பை எண்ணெய்க்கு மாற்றப்போகும் தம்பிகளுக்கு

வெர்மான்ட்டிலும் கியூபெக்கிலும் மேப்பிள் பாகு காய்ச்சும் பருவம் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மரம் சாறு விடும். விட்ட சாறு ரொம்ப நேரம் தாங்காது. உடனே காய்ச்சியாக வேண்டும். ராத்திரி முழுக்க அடுப்புக் கதவைத் திறந்து திறந்து விறகு தள்ளி இடுப்பு விட்டுப்போனவர்கள் எரியெண்ணெய்க்கு மாறுவதில் தப்பே இல்லை. பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்.

1. முதலில் கணக்குப் போடுங்கள். 86-ஐச் சாற்றின் சர்க்கரை விழுக்காட்டால் வகுக்க வேண்டும். 2 விழுக்காடு என்றால் 43 லிட்டர் சாற்றுக்கு 1 லிட்டர் பாகு. மற்றதெல்லாம் ஆவியாகப் போகிற தண்ணீர். ஒழுங்காக எரியும் அடுப்பில் 1 லிட்டர் எண்ணெய் சுமார் 10 லிட்டர் தண்ணீரை விரட்டும். ஆக, லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் எண்ணெய். விறகு சொந்தத் தோப்பில் கிடைத்தது, எண்ணெய்க்கோ பில் வரும். ஏதாவது ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பர்னரைத் தள்ளிவைத்து ஆர்.ஓ. எந்திரம் வாங்குங்கள். வீட்டு ஆர்.ஓ.வுக்கு நேர்மாறாக, இங்கே தண்ணீரைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வோம். சாற்றை 8 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டால் 43 லிட்டர் 11 லிட்டருக்குள் வந்துவிடும்.

2. கதவில் ஓட்டை போட்டு பர்னரைச் செருகினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பலர் கெடுவது இங்கேதான். விறகுத் தீ நீளமானது. சாறு காய்ச்சும் முன்தட்டின் அடியில் எழுந்து, பின்தட்டின் மடிப்புகளை நக்கிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகும். எண்ணெய்த் தீ குட்டை, ஆனால் உக்கிரம். அது ஒரே இடத்தைத் தாக்கினால், பாகு கெட்டியாகி நிற்கும் முன்தட்டு அடிபிடிக்கும். விறகு தாங்கும் இரும்புக் கம்பித்தட்டியைக் கழற்றி, சாம்பல் வாயை அடைத்து, தீச்செங்கல்லும் செராமிக் கம்பளியும் வைத்துத் தனி எரியறை கட்டுங்கள். அதன் அளவு பர்னர் நாசிலின் அளவுக்குப் பொருந்த வேண்டும். தீ நாக்கு சுவரையோ தட்டையோ தொடக் கூடாது. தொட்ட இடத்தில் குளிர்ந்து கரி படியும். கரி படிந்த தட்டுக்குச் சூடு ஏறாது.

3. விறகுக்காக வைத்த அகலமான புகைபோக்கி, தன் விசிறியாலேயே காற்றைத் தள்ளும் பர்னருக்கு அதிகம். இழுப்பு கூடினால் காசு கூரை வழியே போகும். தடுப்புத் தகடு வைத்து, கருவியால் அளந்து சரிசெய்யுங்கள். கண்மதிப்பு உதவாது.

4. பழைய தட்டென்றால் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். இருந்தால் மாற்றிவிடுங்கள். இதில் பேரமே வேண்டாம்.

5. எண்ணெயின் பெரிய புண்ணியம், சுவிட்சைத் தட்டினால் தீ நிற்பது. அதை நம்பி அசந்துவிடாதீர்கள். மிதவை சிக்கிச் சாறு வருவது நின்றால் தட்டு நிமிடங்களில் வற்றும். மட்டம் இறங்கினால் பர்னரைத் தானே அணைக்கும் சுவிட்ச் கட்டாயம். அணைத்த பிறகும் செங்கல் சூடு விடாது. தட்டில் சாறு இருக்கட்டும்.

6. பதம் மாறவில்லை. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு மேல் சுமார் 4 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தத்தோடு கொதிநிலையும் மாறுவதால் தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைச் சரிபாருங்கள். அகப்பையில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாமல் திரைபோல விழ வேண்டும்.

7. "விறகுப் புகை ருசி போய்விட்டதே" என்பார்கள். புகை போவது தட்டுக்கு அடியில், பாகுக்குள் அல்ல. நிறமும் ருசியும் சாற்றின் தரத்தையும் தீயில் இருந்த நேரத்தையும் பொறுத்தவை. எண்ணெய் பட்ட கையோடு வடிதுணியைத் தொட்டால்தான் நிஜமாகவே கெடும்.

8. டேங்க் வெளியே இருந்தால் கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகும். மண்ணெண்ணெய் கலப்பது வழக்கம். பர்னரைச் சீரமைக்க மெக்கானிக்கை அக்டோபரிலேயே கூப்பிடுங்கள். பிப்ரவரியில் அவர் ஊரார் வீட்டு ஹீட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். உங்கள் போனை எடுக்க மாட்டார்.