சிரிக்க வைத்த பொறியாளர்

ஜஸ்பால் பட்டி ஒரு நகைச்சுவை நடிகர். பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்தவர். தலையில் தலைப்பாகை, முகத்தில் தாடி. பார்ப்பதற்கு நம் அடுத்த வீட்டுக்காரர் போல இருப்பார்.

அவர் கோமாளி வேடம் போடவில்லை. தடுக்கி விழுந்து சிரிப்புக் காட்டவில்லை. அமைதியாகப் பேசுவார். அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. பார்ப்பவர்கள்தான் சிரிப்பார்கள்.

எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்? லஞ்சம், விலைவாசி, மின்வெட்டு, வேலை செய்யாத தொலைபேசி, இவற்றைச் சொல்லித்தான். இவை நமக்குத் தொல்லை தருபவை ஆயிற்றே, சிரிப்பு எப்படி வரும்? அவர் கதையைப் படித்தால் விளங்கும்.

கல்லூரியில் தொடங்கியது

ஜஸ்பால் பட்டி 1955 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆம் தேதி பிறந்தார். ஊர் அமிர்தசரஸ். பொற்கோயில் இருக்கும் நகரம் அது.

சண்டிகரில் உள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் படித்தார். மின்சாரம் பற்றிய படிப்பு. அந்த நாளிலேயே நண்பர்களைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். அதற்கு 'நான்சென்ஸ் கிளப்' என்று பெயர். 'அர்த்தமில்லாதவர்கள் மன்றம்' என்று சொல்லலாம்.

பெயர்தான் அப்படி. செய்த வேலையில் அர்த்தம் இருந்தது. அவர்கள் தெருவில் நாடகம் போட்டார்கள். ஊழலைக் கேலி செய்தார்கள். மேடை இல்லை, திரை இல்லை, டிக்கெட்டும் இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

சண்டிகரில் 'டிரிப்யூன்' என்ற நாளிதழ் வருகிறது. அதில் பட்டி கேலிச்சித்திரம் வரைந்தார். தெருவில் நடித்துக் காட்டியதைக் கோடுகளாலும் சொன்னார்.

வீட்டுக்குள் வந்த சிரிப்பு

1980களில் நம் நாட்டில் தூர்தர்ஷன் மட்டுமே இருந்தது. அது அரசுத் தொலைக்காட்சி. இன்று போலப் பல சேனல்கள் இல்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், தெருவே அங்கு கூடும்.

அந்தத் தொலைக்காட்சியில் பட்டியின் 'உல்டா புல்டா' வந்தது. 'எல்லாம் தலைகீழ்' என்று பொருள். சில நிமிடங்களே ஓடும் சிறு சிறு காட்சிகள். அன்றாடம் நாம் படும் பாட்டை அவை காட்டின.

அப்போது பஞ்சாபில் வன்முறை மிகுந்திருந்தது. மக்கள் அச்சத்தோடு வாழ்ந்தார்கள். அந்த மண்ணிலிருந்துதான் இந்தச் சிரிப்பு வந்தது.

பெயரே தோல்வி

1989 ஆம் ஆண்டு 'ஃப்ளாப் ஷோ' என்ற தொடர் வந்தது. 'தோற்றுப்போன நிகழ்ச்சி' என்று பொருள். தம் தொடருக்குத் தாமே இப்படிப் பெயர் வைத்தார். பிறரைக் கேலி செய்யும் முன் தம்மைக் கேலி செய்துகொண்டார்.

தொடரைத் தயாரித்தவர் அவர் மனைவி சவிதா பட்டி. தொடரில் அவருக்கு மனைவியாக நடித்ததும் அவரே. செலவு குறைவு. பெரிய நடிகர்கள் இல்லை. மொத்தம் 10 பகுதிகள்தான் வந்தன. ஆனால் ஜஸ்பால் பட்டி என்றதும் மக்கள் முதலில் சொல்வது இந்தத் தொடரைத்தான்.

ஒவ்வொரு பகுதியும் ஒரு தொல்லையைப் பற்றியது.

ஒரு பகுதியில் ஒரு பேராசிரியர் வருகிறார். அவரிடம் ஒரு மாணவர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வருகிறார். பேராசிரியர் அவரிடம் வீட்டு வேலை வாங்குகிறார். படிப்பு நகரவில்லை.

இன்னொரு பகுதி மருத்துவச் செலவைப் பற்றியது. நோயே இல்லாமல் பொய் ரசீது காட்டி அலுவலகத்தில் பணம் கேட்பதைக் காட்டியது.

தொலைபேசியைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அந்நாளில் தொலைபேசி கேட்டுப் பதிவு செய்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகும் அது அடிக்கடி வேலை செய்யாது.

வீடு கட்டும் ஒப்பந்தக்காரர், நிலத் தரகர், மருத்துவர், வேலை நடக்காத அலுவலகக் கூட்டம், ஒன்றையும் அவர் விடவில்லை. அரசு அலுவலகத்தின் குறையை அரசுத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பகுதிகளில் பட்டி ஏமாறுகிறவராக நடித்தார். சில பகுதிகளில் அவரே ஏமாற்றுகிறவர். அந்தப் பேராசிரியராக நடித்தவரும் அவர்தான். 'தப்பு செய்கிறவன் வேறு எங்கோ இருக்கிறான்' என்று அவர் சொல்லவில்லை. 'நம்மிடமும் அது இருக்கிறது, பார்' என்று காட்டினார். ஏழையைப் பார்த்தும் எளியவரைப் பார்த்தும் அவர் சிரிக்கவில்லை. அவர்களை அலைய விடுகிறவர்களைப் பார்த்தே சிரித்தார்.

காய்கறிக்கு வளையம்

திருவிழாக் கடைகளில் வளையம் எறியும் விளையாட்டு உண்டு. சோப்பு, சீப்பு, பொம்மை எல்லாம் வைத்திருப்பார்கள். எதன் மேல் வளையம் விழுகிறதோ அது நமக்கு.

2009 ஆம் ஆண்டு விலைவாசி ஏறியது. பட்டி சண்டிகரில் இப்படி ஒரு கடை போட்டார். அதில் சோப்பும் பொம்மையும் இல்லை. காய்கறி, பருப்பு, எண்ணெய் இருந்தன. வளையம் எறிந்து வெல்ல மக்களை அழைத்தார். பருப்பும் பரிசுப் பொருள் ஆகிவிட்டது என்பதை ஒரு வார்த்தை பேசாமலே அந்தக் கடை சொல்லிவிட்டது.

திரைப்படங்களிலும் அவர் நடித்தார். 1999 இல் 'மாஹௌல் டீக் ஹை' என்ற பஞ்சாபிப் படத்தை இயக்கினார். 'நிலைமை நன்றாக இருக்கிறது' என்று பொருள். காவல்துறையைக் கேலி செய்யும் படம் அது. நிலைமை நன்றாக இல்லை என்பதுதான் கதை.

மொகாலியில் ஒரு கலைப் பள்ளியும் நடத்தினார். பெண் கருவை அழிக்கும் கொடுமையை எதிர்த்து அந்தப் பள்ளி ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது.

கடைசிப் படம்

பட்டி படித்தது மின்சாரப் படிப்பு. அவர் கடைசியாக எடுத்த படத்தின் பெயர் 'பவர் கட்', அதாவது மின்வெட்டு. அதில் அவர் மகன் நடித்தார். அடிக்கடி மின்சாரம் போவதால் மக்கள் படும் பாடே கதை.

படத்தைப் பற்றிச் சொல்ல அவர் ஊர் ஊராகச் சென்றார். 2012 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் தேதி, விடியும் முன்பு, ஜலந்தர் மாவட்டத்தில் ஷாகோட் அருகே அவர் சென்ற கார் மரத்தில் மோதியது. பட்டி இறந்தார். வயது 57. படம் மறுநாள் வெளியாக இருந்தது.

2013 ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதைப் பெற அவர் இல்லை.

லஞ்சமும் மின்வெட்டும் அவர் சிரிப்பால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் பலர் 'இது நம் தலையெழுத்து' என்று பேசாமல் இருந்தார்கள். பட்டி அதைக் காட்டிச் சிரிக்க வைத்தார். சிரித்தவர்களுக்கு ஒன்று விளங்கியது. இது தலையெழுத்து அல்ல, மனிதர் செய்யும் தவறு. மனிதர் செய்யும் தவறை மனிதர் கேள்வி கேட்கலாம்.

சொல்லும் பொருளும்

கேலிச்சித்திரம் – கேலியாக வரைந்த படம்
ஒப்பந்தக்காரர் – பேசிய தொகைக்கு வேலையை முடித்துத் தருபவர்
ரசீது – பணம் கொடுத்ததற்கான சீட்டு
விலைவாசி – பொருள்களின் விலை நிலவரம்

விடை சொல்லுங்கள்

1. நான்சென்ஸ் கிளப் என்ன செய்தது?
2. 'ஃப்ளாப் ஷோ' தொடரில் எத்தனை பகுதிகள் வந்தன?
3. வளையம் எறியும் கடையில் என்னென்ன பொருள்கள் இருந்தன? ஏன்?

கூடிப் பேசுங்கள்

யாரைப் பார்த்துச் சிரிக்கலாம்? யாரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது?

எழுதிப் பாருங்கள்

உங்கள் தெருவிளக்கு பல நாளாக எரியவில்லை. அதைச் சரி செய்யக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். பெயர், முகவரி, தேதி எழுதி, கையெழுத்துப் போடுங்கள்.