வீட்டில் எலி நடமாட்டமா? மருந்து வாங்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

அரிசி மூட்டையின் மூலையில் சாக்குத் தூள், அடுப்பு மேடையில் கறுப்பாக நாலைந்து புழுக்கை. இதைக் கண்டதும் பல வீடுகளில் முதலில் செய்வது, கடைக்கு ஆள் அனுப்பி எலி மருந்து வாங்கிவரச் சொல்வதுதான். கடைசியாக யோசிக்க வேண்டிய காரியம் அது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே கூடாது. வந்திருப்பது எது, எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்ய வேண்டியவை

• புழுக்கையைப் பாருங்கள். 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரிய எலி. நீண்ட மூக்கோடு கீச்சிட்டபடி சுவரோரமாக ஓடி, ஒருவித வாடையை விட்டுப்போவது மூஞ்சூறு. பார்க்க எலி போல இருந்தாலும் அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சிகளையும் தின்று வாழும் பிராணி. அதைக் கொல்லாதீர்கள், கதவைத் திறந்து வெளியே விரட்டினால் போதும்.

• தடம் பிடியுங்கள். இரவு படுக்கும் முன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சிங்குக்கு அடியில், கதவோரத்தில் கல்மாவுக் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவுங்கள். அரிசிமாவு வேண்டாம், தின்றுவிடும். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் பொட்டுப்பொட்டாகக் காலடிகள் தெரியும். சில இடங்களில் வால் இழுபட்ட கோடும் இருக்கும். அந்தத் தடம் எங்கே போய் மறைகிறதோ அங்கேதான் ஓட்டை.

• ஓட்டையை அடையுங்கள். சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பென்சில் போகிற இடத்தில் அதுவும் போய்விடும். ஏ.சி. குழாய் வரும் துளை, சிங்கின் கழிவுக் குழாயைச் சுற்றியுள்ள இடம், கதவின் அடிச்சந்து ஆகியவற்றைத்தான் நாம் பார்க்கத் தவறுகிறோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் துளைக்குள் இறுகத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். பழந்துணி, தெர்மாகோல் எல்லாம் நிற்காது, கடித்துத் தள்ளிவிடும்.

• தீனியை மூடுங்கள். சுண்டெலி தண்ணீர் குடிக்காமல், தின்னும் தானியத்தின் ஈரத்திலேயே பல நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் அரிசி, பருப்பு, பிஸ்கட் எல்லாம் மூடியுள்ள டப்பாவுக்குப் போக வேண்டும். பூஜை அறை நைவேத்தியத்தையும் இரவில் எடுத்துவிடுங்கள்.

• பொறி வையுங்கள். ஒன்று போதாது, நாலைந்து வேண்டும். சுண்டெலி தன் வளையை விட்டு அதிகத் தூரம் போகாது என்பதால் புழுக்கை கிடக்கும் இடத்திலேயே, சுவரை ஒட்டி வையுங்கள். வறுத்த வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு, கருவாடு எதுவானாலும் நூலால் கட்டிவிடுங்கள். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதற்கு இரண்டு மூன்று நாள் பொறியை ஏற்றாமல், தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும்.

• கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை அடிக்கடி தடவிப் பாருங்கள். பல்தடம் இருந்தால் அன்றே மாற்றுங்கள். தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

செய்யக்கூடாதவை

• "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். சுண்டெலியின் சினைக்காலம் சுமார் 3 வாரம். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். அந்தக் குட்டிகளும் ஒன்றரை மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

• புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

• காதுக்குக் கேட்காத ஒலியெழுப்பி எலியை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எலி சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

• பசை அட்டை வேண்டாம். ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். ஓணானும் குருவியும்கூட அதில் மாட்டும்.

• தக்காளியிலோ வடையிலோ எலி மருந்தைத் தடவி வைக்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் கல்லீரலையே அழித்துவிடும், அதற்கு முறிமருந்தும் கிடையாது. தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்ததும் அதனால்தான். மருந்து தின்ற எலி சுவருக்குள் செத்து நாறும். அதைத் தின்னும் பூனைக்கும் ஆபத்து. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சாவுகளை மறக்கவே கூடாது. வேறு வழியில்லாமல் ஆளை வைத்து மருந்து வைக்க நேர்ந்தால், என்ன மருந்து, எத்தனை நாள் வீட்டில் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

• யாராவது எலி மருந்தை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். முதல் ஓரிரு நாள் ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், அதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 108-ஐ அழையுங்கள், மருந்தின் அட்டையையோ டியூபையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.