ஞாயித்துக்கிழமை கேமராக்காரிக்கு அக்காவோட டிப்ஸ்

வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனி பஸ் பிடிக்கிறவளுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு படம் எடுக்க அலைய நேரம் ஏது தங்கச்சி? அலையவும் வேணாம். நம்ம ஊர்ப் பக்கமே ஒரு இடத்தைப் பிடிச்சுக்கோ, வருஷம் முழுக்க அங்கேயே போ.

என்னைக் கேட்டா பாலாறுதான். வேலூர்-காட்பாடி பாலம் கிட்ட ஆறு மேற்கே இருந்து கிழக்கே போகுது. அதனால உதயம், அஸ்தமனம் ரெண்டுமே ஆத்து மேலயே கிடைக்கும். விடியற்காலை வெயில் சாய்வா விழறப்போ மணல் வரி ஒவ்வொண்ணும் நிழலோட எழும்பி நிக்கும். ஆட்டுக் குளம்பு பதிஞ்ச குழியில கூட நிழல் தேங்கி நிக்கும். குனிஞ்சு, போனைத் தரையோட தரையா வெச்சு எடு. ஒன்பது மணிக்கு மேல எல்லாம் வெளுத்துடும், பேசாம வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடு.

மே மாசத்துல வெறும் மணல். அதே ஆத்துல 2021 நவம்பர்ல வெள்ளம் புரண்டு ஓடுச்சு. மணலையும் முன்னாடியே படம் எடுத்து வெச்சிருந்தவங்க கிட்டதான் அந்த வெள்ளத்தோட முழுக்கதை இருக்கு. பொறுமைக்குக் கூலி இதுதான்.

தண்ணி கறுப்பா, நுரையா தெரிஞ்சா பில்டர் போட்டு நீலமாக்காதே. டேனரிக் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல தீர்ப்பு வந்த மண்ணு இது. நுரையையும் எடு.

போன் விஷயம்: முதல்ல லென்ஸைத் துடை, பாதி மங்கல் அதுலயே போயிடும். தூரத்து மலை மேல விரலை அழுத்திப் பிடிச்சு போகஸை லாக் பண்ணு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை. வானத்து நிறம் தப்பிச்சுடும். ஜூமைத் தொடாதே, நடந்து கிட்டப் போ. நல்ல கேமரா இல்லைன்னு மட்டும் சொல்லாதே. காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன மா. கிருஷ்ணன், ஒரு கேமராவோட உடம்பையும் இன்னொண்ணோட லென்ஸையும் சேர்த்து, அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு பேரும் வெச்சு, கறுப்பு-வெள்ளையிலயே எடுத்துத் தள்ளினவர்.

வேலூர் கோட்டைக்குப் போனா மழை விட்ட மறுநாள் காலையில போ. காத்து அடங்கியிருந்தா மதிலோட பிம்பம் அப்படியே அகழித் தண்ணியில விழும்.

நட்சத்திரம் எடுக்க ஆசையா? ஜவ்வாது மலை காவலூர்ப் பக்கம் போ. 1986-ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வெச்ச வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கு. வானம் எப்படின்னு நீயே யோசிச்சுக்கோ. மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டி, விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தென்கிழக்கே பார்த்தா பால்வீதி தெரியும். போனை ஸ்டாண்டுல வெச்சு, நைட் மோடு, டைமர் போட்டு, கையை எடுத்துடு. ஆய்வகத்துப் பக்கம் டார்ச் அடிக்காதே. காட்டுக்குள்ள இறங்காம ஊர் ஓரமாவே நில்லு. தனியா மட்டும் போகாதே, அண்ணனை எழுப்பு. திட்டுவான், திட்டிக்கிட்டே வண்டியை எடுப்பான்.