வந்து வந்து போகும் பழுது: கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை மிகவும் சோதிப்பது எது தெரியுமா? ஒரேயடியாக நின்றுபோகும் கம்ப்யூட்டர் அல்ல. நேற்று இரண்டு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். இன்று மெக்கானிக் வந்து பார்த்தால் சமர்த்தாக ஓடும். இப்படி வந்து வந்து போகும் பழுதை எப்படிப் பிடிப்பது? தொழிற்சாலையில் நான் கற்ற பாடத்தை இங்கே தருகிறேன். வீட்டிலும் அதே வழிதான்.

பி.எல்.சி. என்றால் என்ன?

நான் தொழிற்சாலை மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் சாப்ட்வேர் இன்ஜினியர். அங்கே மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரின் பெயர் புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர், சுருக்கமாக பி.எல்.சி. ரிலேக்களுக்குப் பதிலாக ஒரு சாதனம் வேண்டும் என்று 1968ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கேட்டதிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. மாடிகான் 084 என்ற பி.எல்.சி. 1969ல் உருவானது.

உங்கள் மதர்போர்டில் ராமும் கார்டுகளும் செருகப்பட்டிருப்பதைப் போல, பி.எல்.சி.யில் சிபியு, இன்புட், அவுட்புட் மாடியூல்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். இன்புட்டைப் படிப்பது, புரோகிராமை ஓட்டுவது, அவுட்புட்டை மாற்றுவது என்ற சுற்றை இது ஓயாமல் செய்துகொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் சில மில்லி செகண்டுகளே ஆகும்.

பழி யார் மேல்?

ஒரு பேக்கிங் மெஷின் வாரத்தில் மூன்று நான்கு முறை திடீரென நின்றது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். இன்புட் மாடியூல் ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்து, புது மாடியூல் வாங்கிப் போட்டார்கள். இரண்டே நாளில் மறுபடியும் நின்றது. அதுவும் இரவு ஷிப்டில்தான். "ஆபரேட்டர் தூங்குவதற்காக நிறுத்துகிறார்" என்று பேச்சு கிளம்பியது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. "தம்பி, நான் பட்டனைத் தொடவே இல்லை. நீங்களாவது பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தவறு என்னிடமும் இருந்தது. ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும், மாடியூல் பழுதானாலும், திரையில் "மெஷின் நிறுத்தப்பட்டது" என்றுதான் வரும்படி நான் புரோகிராம் எழுதியிருந்தேன்.

படி 1: ஆஃப் செய்யும் முன் பதிவைப் படியுங்கள்

பி.எல்.சி.யில் டயக்னாஸ்டிக் பஃபர் என்று ஒரு பதிவேடு உண்டு. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று அதில் இருக்கும். அதைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் காரணம் மாடியூல் பழுது. ஸ்டாப் பட்டன் அல்ல.

நேரத்தை ஒப்பிடும் முன் பி.எல்.சி.யின் கடிகாரத்தைப் பார்த்தேன். அது 25 நிமிடம் முந்தி ஓடியது. அதைக் கழித்துவிட்டு எலக்ட்ரீஷியனின் நோட்டுடன் ஒப்பிட்டேன். மெஷின் நின்ற நேரமெல்லாம், இரவில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய மோட்டாரைப் போட்ட நேரம்!

படி 2: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ஒரே மாடல் மாடியூல்கள் இரண்டு இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு இடம் மாற்றிப் போடலாம். பழுது மாடியூலோடு போனால் மாடியூல் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஒயர், கனெக்டர் அல்லது சப்ளையில் கோளாறு. இதை முதலிலேயே செய்திருந்தால் புது மாடியூல் செலவு மிச்சம்.

படி 3: பழுது வரும் நேரத்தில் அளந்து பாருங்கள்

மாடியூலுக்கு வரும் 24 வோல்ட் டிசி சப்ளை 20.4 முதல் 28.8 வோல்ட் வரை இருக்கலாம். மல்டிமீட்டர் 24 காட்டியது. ஆனால் அது மோட்டார் ஓடாத நேரம். மிகக் குறைந்த அளவைப் பதிந்துவைக்கும் வசதியை மீட்டரில் போட்டுவிட்டு மோட்டாரை ஓட்டச் சொன்னேன். மாடியூல் அருகே 17 வோல்ட் பதிவானது. பவர் சப்ளையின் வாயிலில் அதே சோதனை செய்தால் 24 குறையவில்லை. அப்படியானால் கோளாறு இடைப்பட்ட ஒயரில்தான்.

மின்சாரத்தை நிறுத்தி ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தோம். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. சுவரின் மறுபக்கம் மோட்டார். அது கிளம்பும் அதிர்வில் ஒயரின் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினோம். அதன்பின் மெஷின் நிற்கவில்லை.

உங்கள் வீட்டில்

* கம்ப்யூட்டர் நின்ற தேதி, நேரம், அப்போது ஓடிய புரோகிராம், வீட்டில் போட்ட மோட்டார் அல்லது ஏசி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.
* விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குச் செல்லவும். கெர்னல் பவர் 41 என்று இருந்தால், கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்று பொருள். காரணத்தை அது பெரும்பாலும் சொல்லாது, கம்ப்யூட்டர் மீண்டும் கிளம்பிய நேரத்தைச் சொல்லும்.
* பிளக், பவர் கேபிள், யுஎஸ்பி கேபிள்களை முதலில் பாருங்கள். பிறகு டெஸ்க்டாப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள்.
* இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.
* பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

என் புரோகிராமையும் திருத்திவிட்டேன். இப்போது மெஷின் ஏன் நின்றது, எந்த மாடியூல் என்று திரையிலேயே வருகிறது. அந்த ஆபரேட்டர் அதே மெஷினில்தான் வேலை செய்கிறார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றாலும், "யார் எதை அழுத்தினது?" என்று பிள்ளைகளைத் திட்டும் முன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்.